மகனுக்கு மூன்று வயது நிறைவதற்குள் கிளம்புங்கள்: ஆர்லாண்டோ டிஸ்னி டிக்கெட் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டு போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். நான், கணவர், ஐந்து வயது மகள் (உயரம் 104 செ.மீ.), டிசம்பர் 19ஆம் தேதி மூன்று வயது நிறையும் மகன், கும்பகோணத்திலிருந்து வந்திருக்கும் மாமியார். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு, நெடுநேரம் நிற்க முடியாது. ஆர்லாண்டோவை ஒட்டிய கிஸ்ஸிமீயில் ஓட்டல் போட்டாயிற்று, ரத்து செய்ய வசதி இருக்கிறது. நான்கு நாள் டிக்கெட், அதோடு ஒரே நாளில் பல பூங்காவுக்குப் போகவிடும் பார்க் ஹாப்பர், வரிசையில் நிற்காமல் போகும் லைட்னிங் லேன், எல்லாவற்றையும் எல்லோருக்கும் வாங்கிவிடலாமா? டாம்பாவில் இருக்கும் என் சித்தி மகள், ஃப்ளோரிடாக்காரர்களுக்கான சலுகை டிக்கெட்டை எங்களுக்கும் எடுத்துத் தருகிறேன் என்கிறாள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் மீதமிருக்கும் இரண்டு நாள் டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். மகளுக்கு ஃப்ரோஸன் படத்து எல்சாவைப் பார்த்தே ஆகவேண்டும். எது சரி?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, டிக்கெட்டுக்கு முன்னால் தேதியைப் பேசிவிடலாம். உங்கள் கணக்கில் பணம் அதிகம் கரையப்போகும் இடம் அதுதான்.

டிஸ்னி வேர்ல்டில் மூன்று வயது நிறையாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். லைட்னிங் லேனும் வேண்டாம், பெற்றோருடன் அப்படியே உள்ளே போகலாம். 3 முதல் 9 வயது வரை குழந்தை டிக்கெட், 10 வயதிலிருந்து பெரியவர் டிக்கெட். குழந்தை டிக்கெட் என்ற பெயரைப் பார்த்துப் பாதி விலை என்று நினைத்துவிடாதீர்கள். பெரியவர் விலையிலிருந்து சில டாலர் மட்டுமே குறையும். உங்கள் மகனுக்கு டிசம்பர் 19க்குப் பிறகு நான்கு நாள் டிக்கெட் எடுத்தால், கிறிஸ்துமஸ் வாரத்து விலையில் ஐந்நூறு டாலரைத் தாண்டிவிடும். அதே பிள்ளை டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இலவசம். விமானத்தில் இரண்டு வயது நிறைந்த குழந்தைக்கு எப்படியும் தனி இருக்கை எடுக்க வேண்டும், அதில் மாற்றமில்லை. பூங்கா டிக்கெட்டில் மட்டும் இந்தப் பத்துப் பன்னிரண்டு நாள் வித்தியாசம் பெரிய தொகை.

உங்கள் மற்ற நான்கு டிக்கெட்டுகளும் அப்போது மலிவு. டிஸ்னி வேர்ல்டு என்பது மேஜிக் கிங்டம், எப்காட், அனிமல் கிங்டம், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் என்ற நான்கு பூங்காக்கள். டிக்கெட் தேதி பார்த்து விலை மாறும். 2025இல் ஒருநாள் டிக்கெட் மிக மலிவான நாளில் அனிமல் கிங்டமுக்கு 119 டாலர், கிறிஸ்துமஸ் புத்தாண்டு நாட்களில் மேஜிக் கிங்டமுக்கு 199 டாலர், இரண்டுக்கும் மேல் ஆறரை சதவீத வரி. பலநாள் டிக்கெட்டிலும் தொடங்கும் தேதியை வைத்துத்தான் விலை. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட வாரம் ஆண்டிலேயே கூட்டம் உச்சமாக இருக்கும் காலம். பெயர்பெற்ற சவாரிகளில் இரண்டு மணி நேர வரிசை அப்போது சாதாரணம். மூட்டுவலி உள்ள பெரியவரையும் இரண்டு சிறுவர்களையும் வைத்துக்கொண்டு அந்த வாரம் போகாதீர்கள் என்பதே என் உறுதியான கருத்து. நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக் கூட்டம் வடிந்த பிறகு டிசம்பர் 5ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி 15க்குள் வரும் ஒரு வாரம் உங்களுக்குப் பொருந்தும். கிறிஸ்துமஸ் அலங்காரம் எல்லாம் அப்போதே முழுமையாக இருக்கும். மகளுக்குக் கிண்டர்கார்டனில் நான்கைந்து நாள் விடுப்பு எடுக்க வேண்டிவரும், ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவைத்தால் போதும். மகனுடைய பாஸ்போர்ட்டின் பிறந்த தேதிப் பக்கத்தைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கேட்கமாட்டார்கள், கேட்டால் வாசலில் தடுமாற வேண்டாம்.

இனி டிக்கெட். எத்தனை நாள், எந்தப் பூங்கா, எந்தக் கூடுதல் வசதி என்பதையெல்லாம் விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்பவர்கள்தான் அதிகம். ஐந்து வயதுக் குழந்தையோடு போகும்போது அதைத் தீர்மானிப்பது குழந்தையின் உயரமும், மத்தியானத்துக்கு மேல் அது எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்பதும். ஒரு அளவுநாடாவை எடுத்து, மகள் வழக்கமாகப் போடும் ஷூவோடு சுவரோரம் நிற்கவைத்து மறுபடி அளந்துகொள்ளுங்கள். சவாரி வாசலில் அளவுகோலை வைத்து ஷூவோடுதான் அளப்பார்கள். ஒரு சென்டிமீட்டர் குறைந்தாலும் விடமாட்டார்கள், கெஞ்சிப் பயனில்லை.

104 செ.மீ. என்றால் ஏறக்குறைய 41 அங்குலம். மேஜிக் கிங்டமில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் டிரெயினுக்கு 97 செ.மீ., தியானாஸ் பேயு அட்வென்ச்சருக்கு 102 செ.மீ. போதும், இரண்டிலும் மகள் ஏறலாம். ஸ்பேஸ் மவுன்டனுக்கு 112, டிரானுக்கு 122, இரண்டும் கிடையாது. எப்காட்டில் சோரினும் டெஸ்ட் டிராக்கும் 102, அவை உண்டு. கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி 107, அது மூன்று சென்டிமீட்டரில் தவறிப்போகிறது. அனிமல் கிங்டமின் பெரிய பெயர்களான அவதார் ஃப்ளைட் ஆஃப் பேசேஜ், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட் இரண்டும் 112. ஹாலிவுட் ஸ்டுடியோஸில் ஸ்லிங்கி டாக் 97, ரைஸ் ஆஃப் த ரெசிஸ்டன்ஸ் 102, டவர் ஆஃப் டெரர் 102. உயரம் பொருந்துகிறது என்பதற்காக ஐந்து வயதுப் பிள்ளையை டவர் ஆஃப் டெரரில் ஏற்ற வேண்டும் என்றில்லை. இருட்டில் மின்தூக்கி விழுவதுபோல் அமைத்த சவாரி அது, அதற்குப் பிறகு அன்று முழுக்க எந்தச் சவாரிக்கும் வரமாட்டேன் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். மகன் 89 செ.மீ. தொட்டிருந்தால் மேஜிக் கிங்டமின் பார்ன்ஸ்டார்மர் என்ற குட்டி ரோலர் கோஸ்டரில் அவனும் ஏறலாம்.

இந்தக் கணக்கைப் பூங்காவாரியாகப் பார்த்தால் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது தானாகத் தெளிந்துவிடும். உயரக் கட்டுப்பாடே இல்லாத சவாரிகள் மேஜிக் கிங்டமில்தான் குவிந்திருக்கின்றன: பீட்டர் பேன், வின்னி த பூ, டம்போ, இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு, ஜங்கிள் குரூஸ், கரிபியன் கடற்கொள்ளையர், இன்னும் பல. இரண்டு குழந்தைகளும் சேர்ந்து ஏறுவதற்கு ஒருநாள் போதாது, இரண்டு நாள் கொடுங்கள். எல்சாவும் ஆனாவும் குழந்தைகளைச் சந்திப்பது எப்காட்டின் நார்வே பகுதியில் இருக்கும் ராயல் சாமர்ஹூஸ் என்ற மரவீட்டில். ஃப்ரோஸன் எவர் ஆஃப்டர் படகுச் சவாரியும் அதன் பக்கத்திலேயே. ஆகவே எப்காட் ஒருநாள் கட்டாயம். அனிமல் கிங்டமில் நிஜ விலங்குகளைப் பார்க்கும் கிளிமஞ்சாரோ சஃபாரி, லயன் கிங் மேடைநிகழ்ச்சி, நாவி ஆற்றுப் படகு மூன்றும் பாட்டியிலிருந்து பேரன்வரை எல்லோருக்கும் ஏற்றவை. அங்கே டைனோலேண்ட் பகுதியை எடுத்துவிட்டுப் புதிய பகுதி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அதனால் மத்தியானம்வரை இருந்தாலே நிறைவாகப் பார்த்துவிடலாம். ஹாலிவுட் ஸ்டுடியோஸை இந்தமுறை விட்டுவிடுங்கள். அந்தப் பூங்காவின் பலம் உயரம் கேட்கும் சவாரிகளிலும் ஸ்டார் வார்ஸிலும் இருக்கிறது. மகளுக்கு எட்டு வயதாகட்டும், அப்போது அது முழுப்பணத்துக்கும் ஈடாகும்.

ஆக மேஜிக் கிங்டம் இரண்டு, எப்காட் ஒன்று, அனிமல் கிங்டம் ஒன்று. நான்கு நாள் அடிப்படை டிக்கெட் சரியான தேர்வு. அடிப்படை டிக்கெட்டில் ஒரு நாளைக்கு ஒரு பூங்கா, எந்த நாள் எந்தப் பூங்கா என்பது உங்கள் விருப்பம், ஒரே பூங்காவுக்கு இரண்டு நாள் போகவும் தடையில்லை. 2024 ஜனவரிக்கு முன்பு இருந்த பூங்கா முன்பதிவு, தேதியிட்ட டிக்கெட்டுகளுக்கு இப்போது தேவையில்லை. பழைய யூடியூப் காணொளிகளைப் பார்த்துக் குழம்பாதீர்கள்.

சில பருவங்களில் நான்கு நாள், நான்கு பூங்கா என்று ஒரு சலுகை டிக்கெட் வருவதுண்டு. விலை கண்ணைப் பறிக்கும். அதில் ஒவ்வொரு பூங்காவுக்கும் ஒருமுறைதான் போகமுடியும். மேஜிக் கிங்டம் இரண்டுமுறை வேண்டிய உங்களுக்கு அது சேராது, வாங்கினால் இரண்டாம் நாள் வாசலில்தான் தெரியவரும்.

பார்க் ஹாப்பர் வேண்டாம். ஒரே நாளில் ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் அனுமதிக்கு ஒருவருக்கு எண்பது, நூறு டாலர் என்ற அளவில் கூடும், நான்கு பேருக்கு நானூறை ஒட்டி வந்துவிடும். பெரியவர்கள் மட்டும் போனால் அதற்கு மதிப்புண்டு. சிறு குழந்தைகளோடு பூங்கா மாறுவதென்றால் என்ன நடக்கும் என்று பாருங்கள். குழந்தையைத் தள்ளிச்செல்லும் ஸ்ட்ரோலரோடு வாசலுக்கு நடக்க வேண்டும், பேருந்துக்கோ மோனோரயிலுக்கோ காத்திருக்க வேண்டும், ஸ்ட்ரோலரை மடிக்க வேண்டும், போய் இறங்கி மறுபடி பைச் சோதனை. ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குள் மகன் தூங்கியிருப்பான், அவனை எழுப்பித்தான் பேருந்தில் ஏற்ற முடியும். உங்கள் ஓட்டல் வெளியே கிஸ்ஸிமீயில் இருப்பதால் மத்தியானத் தூக்கத்துக்குத் திரும்புவதே ஒரு பயணம். அதற்கு மேல் பூங்கா மாற்றம் தாங்காது. ஒருவேளை நேரில் போய் அவசியம் என்று தோன்றினால் அன்றைக்கு டிஸ்னியின் கைப்பேசிச் செயலியிலேயே ஹாப்பரைச் சேர்த்துக்கொள்ளலாம், முன்கூட்டியே வாங்கி வைப்பதில் லாபமில்லை.

தேதியிட்ட டிக்கெட்டுக்கு ஒரு காலவரம்பு உண்டு, பலர் சறுக்குவது இங்கேதான். நான்கு நாள் டிக்கெட்டை, தொடங்கும் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் பயன்படுத்த வேண்டும். மூன்று நாள் டிக்கெட்டுக்கு ஐந்து நாள், இரண்டு நாள் டிக்கெட்டுக்கு நான்கு நாள். அந்த வரம்பு தாண்டினால் மீதி நாள் போனது போனதுதான். பயன்படுத்தாத டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது. ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் இருந்தால், வரம்புக்குள் வேறு தேதிக்கு மாற்றலாம். புதிய தேதியின் விலை கூடுதலாக இருந்தால் வித்தியாசம் கட்ட வேண்டும், குறைவாக இருந்தால் திருப்பித் தரமாட்டார்கள்.

இந்த ஏழு நாள் வரம்பு உங்களுக்கு ஒரு வரம். நான்கு நாளும் தொடர்ந்து போகாதீர்கள். இரண்டு நாள் பூங்கா, ஒருநாள் ஓய்வு, மறுபடி இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எட்டு, பத்து கிலோமீட்டர் நடப்பது அங்கே சர்வசாதாரணம், மூன்றாம் நாள் காலையில் குழந்தைகள் எழவேமாட்டார்கள்.

எந்த நாள் எந்தப் பூங்கா என்பதற்கு டிசம்பரில் ஒரு தனிக் கணக்கு உண்டு. நவம்பரிலும் டிசம்பரிலும் குறிப்பிட்ட சில இரவுகளில் மேஜிக் கிங்டமில் மிக்கிஸ் வெரி மெர்ரி கிறிஸ்துமஸ் பார்ட்டி நடக்கும். அதற்குத் தனி டிக்கெட், பகல் டிக்கெட் செல்லாது. பார்ட்டி நாளில் சாதாரண டிக்கெட்காரர்களுக்கு மாலை ஆறு மணிக்குப் பூங்கா மூடிவிடும். பார்ட்டிக்காரர்களுக்குத் தரும் கைப்பட்டை இல்லாதவர்களைச் சவாரிகளில் ஏற்றமாட்டார்கள், வழக்கமான வாணவேடிக்கையும் கிடைக்காது. தேதியைப் பார்க்காமல் போகிறவர்கள் குழந்தையை வாணவேடிக்கைக்காகக் காக்கவைத்துவிட்டு ஆறு மணிக்கு அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிறார்கள். ஆனால் இதே காரணத்தால் பார்ட்டி நாட்களின் பகலில் கூட்டம் குறைவு, வாணவேடிக்கை வேண்டும் என்பவர்கள் எல்லாம் மற்ற நாட்களுக்குப் போய்விடுவார்கள். உங்களுக்கு மேஜிக் கிங்டம் இரண்டு நாள் இருக்கிறது அல்லவா, ஒன்றைப் பார்ட்டி நாளிலும் ஒன்றைப் பார்ட்டி இல்லாத நாளிலும் வையுங்கள். பார்ட்டித் தேதிகள் டிஸ்னியின் தளத்தில் முன்கூட்டியே வந்துவிடும், அதைப் பார்த்த பிறகே தொடக்கத் தேதியைத் தீர்மானியுங்கள். பார்ட்டி டிக்கெட் தனியாக வாங்க வேண்டுமா என்றால், நள்ளிரவுவரை நீளும் நிகழ்ச்சி, உங்கள் பிள்ளைகளின் வயதுக்குப் பணம் வீண்.

எனவே வரிசை இப்படி அமையலாம். முதல் நாள், பார்ட்டி நாளில் மேஜிக் கிங்டம். காலை திறக்கும்போதே உள்ளே இருந்து, கூட்டம் குறைந்த பகலில் சவாரிகளை முடித்து, ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுங்கள். இரண்டாம் நாள் அனிமல் கிங்டம், சஃபாரிக்கு முதலில் போங்கள், காலை வெயில் ஏறும்முன் விலங்குகள் நடமாடும். மத்தியானத்தோடு ஓட்டல். மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் எப்காட். ஐந்தாம் நாள் பார்ட்டி இல்லாத நாளாகப் பார்த்து மறுபடி மேஜிக் கிங்டம். அன்றைக்குக் காலையில் போகவேண்டாம், எல்லோரும் தூங்கி எழுந்து சாப்பிட்டு மத்தியானம் மூன்று மணிக்கு நுழைந்து, இரவு வாணவேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பலாம். அணிவகுப்பும் வாணவேடிக்கையும் நடக்கும்போது சிறுவர் சவாரிகளின் வரிசை சட்டென்று குறையும், அந்த நேரத்தை விடாதீர்கள்.

மேஜிக் கிங்டமுக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். காரை நிறுத்துமிடம் பூங்கா வாசலில் இல்லை. நிறுத்திவிட்டு மோனோரயிலிலோ படகிலோ ஏரியைத் தாண்ட வேண்டும். காரிலிருந்து வாசலுக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு வையுங்கள். கார் நிறுத்தவும் ஒவ்வொரு நாளும் தனிக் கட்டணம் உண்டு, டிக்கெட் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மாமியாருக்கு நான்கு நாள் டிக்கெட் எடுக்காதீர்கள். குடும்பத்தில் எல்லோருக்கும் ஒரேமாதிரி டிக்கெட் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவருக்கு இரண்டு நாள் டிக்கெட் போதும், அனிமல் கிங்டமும் கடைசி நாள் மேஜிக் கிங்டமும். இங்கே தொடக்கத் தேதியில் கவனம் வேண்டும். இரண்டு நாள் டிக்கெட்டுக்கு நான்கு நாள் வரம்பு. உங்கள் முதல் நாளையே அவருக்கும் தொடக்கத் தேதியாகப் போட்டால் ஐந்தாம் நாள் வரம்புக்கு வெளியே போய்விடும். அவருடைய டிக்கெட் உங்கள் இரண்டாம் நாளில் தொடங்கட்டும், அப்போது இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று நான்கு நாளும் சரியாக அடங்கும். நான்கு நாள் விலையில் பாதி மிச்சமாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். பலநாள் டிக்கெட்டில் முதல் நாட்கள்தான் விலை கூடுதல், நாள் கூடக்கூட ஒரு நாளின் விலை குறைந்துகொண்டே வரும். இருந்தாலும் கணிசமான மிச்சம், அதைவிட முக்கியம், அவருக்கு ஓட்டலில் நிம்மதியாக இரண்டு நாள்.

பூங்காவில் சக்கர நாற்காலி நாள் வாடகைக்குக் கிடைக்கும். நடக்க முடியும் என்று அவர் சொன்னாலும் எடுத்துவிடுங்கள். பெரும்பாலான வரிசைகளில் நாற்காலியோடு அப்படியே போகலாம். ஆனால் நாற்காலி இருந்தால் வரிசையில் நிற்காமல் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான காத்திருப்புச் சலுகை ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கானது, மூட்டுவலிக்குப் பொருந்தாது.

லைட்னிங் லேனுக்கு வருவோம். எல்லோருக்கும் எல்லா நாளும் வாங்கினால் டிக்கெட் விலையில் கால்பங்குக்கு மேல் ஏறிவிடும். இதில் இரண்டு வகை உங்களுக்குத் தெரிந்தால் போதும். மல்ட்டி பாஸ் என்பது ஒருநாளில் பல சவாரிகளுக்கு ஒரே கட்டணம். பூங்காவையும் நாளையும் பொறுத்து ஒருவருக்கு 15 டாலரிலிருந்து 40 டாலர்வரை, உச்ச நாட்களில் அதற்கும் மேலே போகலாம். சிங்கிள் பாஸ் என்பது மல்ட்டி பாஸில் சேராத ஒன்றிரண்டு பெரிய சவாரிகளுக்குத் தனித்தனியாக வாங்குவது. உங்களுடைய நான்கு நாளில் சிங்கிள் பாஸ் சவாரிகள் நான்கு: மேஜிக் கிங்டமின் மைன் டிரெயின், டிரான், எப்காட்டின் கார்டியன்ஸ், அனிமல் கிங்டமின் ஃப்ளைட் ஆஃப் பேசேஜ். மகளின் உயரத்துக்குப் பொருந்துவது மைன் டிரெயின் ஒன்றுதான், அதை மட்டும் பாருங்கள்.

சவாரியில் ஏறுபவருக்குத்தான் பாஸ் வேண்டும். மாமியார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார், அவருக்கு வாங்க வேண்டாம். மகனுக்குத் தேவையில்லை. ஆக எப்போதும் மூன்று பேர் கணக்கு. மல்ட்டி பாஸ் முதல் நாள் மேஜிக் கிங்டமுக்கும் எப்காட்டுக்கும் வாங்குங்கள். அனிமல் கிங்டமில் காலையில் சீக்கிரம் போனாலே போதும், கடைசி நாள் மேஜிக் கிங்டமில் ஏற்கெனவே பெரும்பாலானவற்றை முடித்திருப்பீர்கள்.

முன்பதிவு செய்வதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டிஸ்னியின் சொந்த ஓட்டலில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பே பதிவு திறக்கும். உங்களைப்போல் வெளியே தங்குபவர்களுக்குப் பூங்கா போகும் நாளுக்கு மூன்று நாள் முன்பு, காலை ஏழு மணிக்கு. நியூ ஜெர்சி நேரமும் ஆர்லாண்டோ நேரமும் ஒன்றே என்பதால் குழப்பமில்லை. முதலில் மூன்று சவாரிகளைத் தேர்ந்தெடுக்கலாம். மேஜிக் கிங்டமிலும் எப்காட்டிலும் சவாரிகளை இரண்டு பட்டியலாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் பட்டியலிலிருந்து ஒன்று, இரண்டாம் பட்டியலிலிருந்து இரண்டு. மேஜிக் கிங்டமில் முதல் பட்டியல் ஒன்றுக்கு பீட்டர் பேனை எடுங்கள். சின்னச் சின்னக் கப்பல்களில் இரண்டிரண்டு பேராகப் போகும் சவாரி, அதனால் வரிசை எப்போதும் மெதுவாகவே நகரும், கூட்டமில்லாத நாளிலும் நீளும். எப்காட்டில் ஃப்ரோஸனும் ரெமி எலிச் சவாரியும் ஒரே முதல் பட்டியலில் இருப்பதால் ஒன்றைத்தான் எடுக்க முடியும். ஃப்ரோஸனைப் பாஸில் எடுத்து, பூங்கா திறந்ததும் நேராக ரெமிக்குப் போய்விடுங்கள். டிஸ்னி ஓட்டலில் தங்குபவர்களை அரைமணி முன்பே உள்ளே விடுவார்கள் என்பதால் அங்கேயும் உங்களுக்கு முன் சிலர் இருப்பார்கள், இருந்தாலும் அந்த நேரத்து வரிசை தாங்கக்கூடியது. முதலில் எடுத்த மூன்றில் ஒன்றைப் பயன்படுத்தியதும் செயலியில் அடுத்ததை எடுக்கலாம். ஆகவே மூன்றையும் மாலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் ஒன்று காலை பத்து மணிக்குள் விழும்படி பாருங்கள், அப்போதுதான் நாள் முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக்கொண்டே போகமுடியும். எல்சாவைச் சந்திக்க நேரில்தான் வரிசையில் நிற்க வேண்டும், செயலியில் அன்றைய நேரத்தைப் பார்த்து, தொடங்குவதற்குச் சற்று முன்பே போய்விடுங்கள்.

பணம் கொடுக்காமல் கிடைக்கும் ஒரு வசதியை மறந்துவிடாதீர்கள், அதன் பெயர் ரைடர் ஸ்விட்ச். மகன் ஏற முடியாத சவாரிக்குப் போகும்போது வாசலில் இருக்கும் ஊழியரிடம் மகனையும் காட்டிக் கேளுங்கள். முதலில் கணவரும் மகளும் ஏறுவார்கள், நீங்கள் மகனோடு வெளியே இருக்கலாம். அவர்கள் வந்தபிறகு நீங்கள் பொதுவரிசையில் நிற்காமல் லைட்னிங் லேன் வழியாகப் போகலாம், மகளும் உங்களோடு இரண்டாம்முறை ஏறலாம். வரிசையில் நிற்பதற்கு முன்பே நால்வரும் சேர்ந்து நின்று கேட்க வேண்டும், சவாரி முடிந்து வந்து கேட்டால் தரமாட்டார்கள். மாமியார் கூட இருக்கும் நாட்களில் இதுவும் தேவைப்படாது, பேரனைப் பாட்டியிடம் விட்டுவிட்டு மூவரும் சேர்ந்தே போகலாம்.

சலுகை டிக்கெட்டுகள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃப்ளோரிடாவாசிகளுக்கான டிக்கெட்டில் ஒவ்வொரு பெரியவரும் அந்த மாநில முகவரிச் சான்றைக் காட்ட வேண்டும். சித்தி மகள் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் வாசலில் நியூ ஜெர்சி ஓட்டுநர் உரிமத்தோடு நிற்கப்போவது நீங்கள். வாட்ஸ்அப் டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். டிஸ்னி டிக்கெட்டைக் கைமாற்றக் கூடாது. முதல்முறை நுழையும்போதே டிக்கெட்டோடு விரல்பதிவைச் சேர்த்துவிடுவார்கள், மறுநாள் வேறு விரல் பட்டால் கதவு திறக்காது. கிஸ்ஸிமீ சாலையோரங்களில் பாதி விலை டிக்கெட் என்று பலகை வைத்த கடைகளும் உண்டு. பெரும்பாலும் விடுமுறை வீட்டுப் பங்கு விற்பனைக் கூட்டத்தில் உங்களை இரண்டு மணி நேரம் உட்காரவைப்பதற்கான தூண்டில் அது. நேர்மையான தள்ளுபடி என்பது டிஸ்னி அங்கீகரித்த முகவர்களிடமும் ஏஏஏ என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கத்தின் உறுப்பினர் சலுகையிலும் கிடைப்பதுதான், பலநாள் டிக்கெட்டில் சில சதவீதம் குறையும். அதற்கு மேல் யார் தருகிறேன் என்றாலும் விலகுங்கள். முகவர் விலையை டிஸ்னி தளத்து விலையோடு ஒப்பிடும்போது வரி சேர்ந்த தொகையோடு ஒப்பிடுங்கள், ஒரு தளம் வரியைச் சேர்த்துக் காட்டும், இன்னொன்று கடைசிப் பக்கத்தில்தான் காட்டும்.

டிக்கெட் வாங்கிய அன்றே மை டிஸ்னி எக்ஸ்பீரியன்ஸ் செயலியில் ஒவ்வொரு டிக்கெட்டையும் உரியவர் பெயரில் சேருங்கள். மகளுடைய குழந்தை டிக்கெட்டையும் மாமியாரின் பெரியவர் டிக்கெட்டையும் மாற்றிச் சேர்த்துவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை, உங்கள் கணக்கில் நாள் எண்ணிக்கையும் வேறு என்பதால் இரண்டுமுறை சரிபாருங்கள். டிக்கெட் செயலியில் சேராமல் லைட்னிங் லேன் பதிவு செய்ய முடியாது, காலை ஏழு மணிக்கு அதைக் கண்டுபிடித்தால் பீட்டர் பேன் நேரம் போய்விடும்.

சாப்பாட்டுக்கு ஒரு வார்த்தை. வெளியிலிருந்து உணவு கொண்டுபோக அனுமதி உண்டு, கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் மட்டும் கூடாது. சப்பாத்தி, புளியோதரை, தயிர்சாதம் எதுவானாலும் எடுத்துப் போகலாம். உணவுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ்தண்ணீர் இலவசம். மெனுவில் பச்சை இலைக் குறி இருந்தால் அது முழுத் தாவர உணவு, மாமியாருக்குக் காட்டிவையுங்கள். ஸ்ட்ரோலர் 79 செ.மீ. அகலம், 132 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும், இழுத்துச் செல்லும் வண்டி வகை அனுமதியில்லை.

செய்யவேண்டிய வரிசை இது: முதலில் பார்ட்டித் தேதிகளைப் பாருங்கள், பிறகு ஓட்டலை அந்த வாரத்துக்கு மாற்றுங்கள், அதன்பின் விமானம், கடைசியில் டிக்கெட். மூன்று பேருக்கு நான்கு நாள் அடிப்படை டிக்கெட், மாமியாருக்கு ஒருநாள் தள்ளித் தொடங்கும் இரண்டு நாள் டிக்கெட். சித்தி மகளும் உங்களோடு சேர விரும்பினால், தன் பெயரில் தன் ஃப்ளோரிடா டிக்கெட்டை எடுத்துக்கொண்டு எப்காட் நாளில் வரச்சொல்லுங்கள். செயலியில் அவரை உங்கள் குடும்பப் பட்டியலில் சேர்த்துவிட்டால் ஃப்ரோஸனுக்கு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பாஸ் எடுக்கலாம்.